பதினைந்து நாளைக்கு ஒரு நாய்

6 ஆகஸ்ட் 2023

"வளர்த்துட்டு எப்படிங்க தூக்கிக் கொடுக்க மனசு வருது?" போன வாரமும் ஒருவர் கேட்டார். மனசு வருவதில்லை. ஆனாலும் கொடுக்கிறேன். சென்னை வேளச்சேரி புளூ கிராஸ் 1959-இல் ஆரம்பித்த விலங்கு நல அமைப்பு. நான் அங்கே போன ஒரு நாளில்கூடக் கூண்டு காலியாக இருந்து பார்த்ததில்லை. ஊரில் நாயைத் தூக்கி வந்து காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், வளர்க்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். தூக்கி வந்த நாளுக்கும் வளர்க்கப் போகும் நாளுக்கும் நடுவில் அது எங்கே இருக்கும்? அந்த நடு வீடுதான் ஃபாஸ்டர் வீடு.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில் வாடகைக்கு எடுத்த முதல் மாடி. நானும் அம்மாவும்தான். இதுவரை நான்கு நாய்கள் வந்துபோயின. ஒன்று பார்வோ என்ற தொற்று நோயில் இறந்துவிட்டது. மற்ற மூன்றும் நல்ல வீட்டுக்குப் போயின. நேற்று மாலை ஐந்தாவது வந்தாள். பள்ளிக்கரணை சாலை ஓரம் குழாய்க்குள் கிடந்தவள், நான்கு மாதம் இருக்கும். செவலை நிறம். அம்மா பார்த்த உடனே "செவ்வந்தி" என்றாள், அதுவே பெயராகிவிட்டது.

பதினைந்து நாள், கதவு மூடக்கூடிய ஓர் அறை, தினம் இரண்டு மணி நேரம். இவ்வளவு இருந்தால் யாரும் செய்யலாம் என்பது என் கட்சி.

8 ஆகஸ்ட் 2023

சாப்பாடு என்ன கொடுப்பது என்று கேட்டவருக்கு: முதலில் பாலை நிறுத்துங்கள். குட்டி என்றாலே ஒரு கிண்ணம் பால் வைக்கிற பழக்கம் நமக்கு. தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பசும்பால் பெரும்பாலும் செரிக்காது, வயிற்றால் போகும். அப்புறம் அது நோயா பாலா என்று தெரியாமல் நாம் தவிக்க வேண்டும். குழைந்த சாதம், உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் பூசணியோ கேரட்டோ. கடையில் விற்கும் குட்டித் தீவனத்தை ஊறவைத்தும் கொடுக்கலாம். வெங்காயம் கூடாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் இவை நாய்க்கு விஷம். பாயசத்தில் மீந்த திராட்சையும் அதில் சேர்த்திதான்.

செவ்வந்தி கிண்ணத்தில் சாப்பிடுவதில்லை. ஒரு வாய் கவ்விக்கொண்டு தையல் மெஷினுக்கு அடியில் போய், தரையில் வைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு தின்கிறாள். முடிந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வாய்க்கு வருகிறாள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதினான்கு நடை. எண்ணிப் பார்த்தேன்.

11 ஆகஸ்ட் 2023

பார்வோ பற்றிச் சொல்லாமல் விட்டது சரியில்லை. போன வருஷம் இறந்த கருப்புக் குட்டி என்னிடம் வந்தபோது துள்ளிக்கொண்டுதான் இருந்தது. நான்காம் நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தத்தோடு பேதி. அந்த வாடையை ஒரு தரம் முகர்ந்தவர்களுக்கு அடுத்த தரம் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். விடியற்காலை என் மடியில் போனது.

கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில சமயம் பதினான்கு நாள்கூட ஆகலாம். அதனால்தான் புதிதாக வரும் குட்டியை முதல் பதினான்கு நாள் தனி அறையில் வைக்கிறோம். அடுத்த விஷயம், அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வருஷம்கூடத் தாங்கும். நாம் தினம் துடைக்கும் ஃபினாயிலுக்கு அது சாவதில்லை. பிளீச்தான் கொல்லும். ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர். முதலில் தரையைக் கழுவி அழுக்கைப் போக்கிவிட்டு, பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். அந்தக் குட்டி இறந்தபின் இந்த அறையை மூன்று முறை இப்படிக் கழுவிவிட்டு ஏழு மாதம் பூட்டியே வைத்திருந்தேன்.

12 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிளீச்சோடு ஆசிட்டையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ கலக்கவே கூடாது. விஷ வாயு வரும். ஜன்னலைத் திறந்துவைத்துக் கழுவுங்கள். தரை காய்ந்தபின் நாயை விடுங்கள்.

20 ஆகஸ்ட் 2023

பதினைந்து நாள் என்று எழுதினேனே, அது இன்றோடு முடிந்தது. பார்வோ வரவில்லை. ஆனால் உண்ணிக் காய்ச்சல். வந்த அன்றே காதுக்குள்ளிருந்தும் விரலிடுக்கிலிருந்தும் இருபத்தைந்து உண்ணி எடுத்தேன். எல்லாம் எடுத்தாயிற்று என்று நம்பிவிட்டேன். வியாழக்கிழமை அவள் சாதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இருபத்தெட்டு நாள் மாத்திரை. இடையில் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் முழுசாகப் போகும்வரை தடுப்பூசியும் இல்லை. தடுப்பூசி இல்லாமல் யாருக்கும் கொடுக்க முடியாது.

ஆகவே இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்ன கணக்கை நம்பி யாரும் இறங்கிவிட வேண்டாம்.

செலவையும் கேட்டீர்கள். தூக்கி வந்த தன்னார்வலர்கள் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள், சாப்பாடும் ஆட்டோவும் என்னுடையது. எல்லா இடத்திலும் இப்படி இருக்காது. யார் எதைக் கொடுப்பது என்று நாய் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வந்தபின் பேசினால் மனஸ்தாபம்தான் மிச்சம்.

3 செப்டம்பர் 2023

நாய் வளர்ப்பவர்கள் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பயம் கொஞ்சம் தெளியும், மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் இடம் என்று நம்பும். கடிகாரம் பார்த்து நடக்கிற விஷயம் இல்லைதான், இருந்தாலும் தோராயமாகச் சரியாகவே இருக்கிறது. இருபத்தெட்டாம் நாள் காலை, நான் காபி டம்ளரோடு அறைக்குள் போனபோது வாலின் நுனி மட்டும் இரண்டு தரம் தரையைத் தட்டியது. தலை நிமிரவில்லை. கண்கூட என் பக்கம் திரும்பவில்லை. வாலின் நுனி மட்டும்தான்.

குக்கர் விசில் அடித்தால் மட்டும் இன்னும் ஒன்றுக்குப் போய்விடுகிறாள். அம்மா இப்போது சாதத்தை வடித்துவிடுகிறாள். பருப்புக்குத்தான் வழி தெரியவில்லை.

17 செப்டம்பர் 2023

முதல் குறிப்பில் "மூன்றும் நல்ல வீட்டுக்குப் போயின" என்று எழுதினேன். ஒரு மாதமாக அந்த வரி உறுத்துகிறது. அது முழு உண்மை இல்லை. மணி திரும்பி வந்தான்.

இரண்டு வயது, வெள்ளையும் கறுப்பும் கலந்தவன். மனுஷர் பக்கத்தில் இருந்தால் அவனைப்போல் சமத்து கிடையாது. தனியாக விட்டுக் கதவைப் பூட்டினால் ஊளை. பூட்டின நிமிஷத்திலிருந்து திறக்கிற நிமிஷம்வரை. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள், அதனால் அது மாதம் ஒரு முறை, இரு முறைதான் நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். இருவரும் வேலைக்குப் போகும் ஓர் இளம் தம்பதி அவனைப் பார்க்க வந்தார்கள். அவனும் அவர்கள் காலடியில் படுத்துக்கொண்டான். "ஒரு தொந்தரவும் இல்லைங்க" என்றேன். நான்கு மாதமாக யாரும் கேட்டு வராத நாய். இந்த வாய்ப்பும் போய்விடக் கூடாதே என்ற பயம். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். கதவின் கீழ்ப்பலகையைப் பிறாண்டியிருக்கிறான், முன்னங்கால் நகங்களில் ரத்தம். அடுக்ககத்தில் எல்லாரும் புகார். அந்தப் பெண் வாசலில் நின்று அழுதாள். கோபப்படக்கூட இல்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க எடுத்திருக்கவே மாட்டோமே, அவனுக்கும் இது நடந்திருக்காதே" என்றாள். மணி இரண்டு நாள் சாப்பிடாமல் என் செருப்புப் பக்கத்திலேயே கிடந்தான்.

அப்புறம் சேலையூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். இந்த முறை முதல் வாக்கியமாக அதைத்தான் சொன்னேன்: "இவன் தனியா இருக்க மாட்டான்." பெரியவர் சிரித்தார். "நாங்க மட்டும் எங்கம்மா போகப் போறோம்?" மணி இப்போது அங்கேதான் இருக்கிறான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாய்க்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுகிறேன். எதற்குப் பயம், எங்கே தொட்டால் உறுமும், எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும், எது உடம்புக்கு ஒத்துவரவில்லை, எல்லாம் அதில் இருக்கும். நாயோடு நோட்டும் போகும். சோறு போடவும் மருந்து கொடுக்கவும் காப்பகத்திலும் ஆள் உண்டு. வீட்டுக்குள் அந்த நாய் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துச் சொல்லத்தான் ஃபாஸ்டர் வீடு. பார்த்தும் சொல்லாமல் விட்டால் நான் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

18 செப்டம்பர் 2023

மணியை நீங்களே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். யோசித்தேன். திரும்பி வந்த அந்த வாரம் முழுக்க அதே யோசனைதான். வைத்துக்கொண்டிருந்தால் தவறில்லை. இதைத் தோல்வி என்று சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு, ஃபாஸ்டர் ஃபெயில் என்பார்கள். ஒரு நாய்க்கு வீடு கிடைப்பதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நான் வெளியே போகும் நாட்களில் மணி தனியாகத்தான் இருந்திருப்பான். சேலையூரில் அவனுக்குக் கிடைத்ததை என்னால் கொடுத்திருக்க முடியாது.

1 அக்டோபர் 2023

தெருநாய்கள் எல்லாவற்றையும் இப்படி வீட்டில் வைத்துவிட்டால் தெருவில் பிரச்சினையே இருக்காதே என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. எங்கள் தெரு முனையில் டீக்கடைக்குப் பக்கத்தில் இரண்டு நாய்கள் ஏழெட்டு வருஷமாக இருக்கின்றன. கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் வெட்டு இருக்கிறது. தெருவில் எல்லாருக்கும் அவற்றைத் தெரியும், அவற்றுக்கும் எல்லாரையும் தெரியும். அவற்றைப் பிடித்து வந்து நாலு சுவருக்குள் வைத்தால் காப்பாற்றியதாகாது. இந்த ஆண்டு மார்ச்சில் வந்த கருத்தடை விதிகளும், அதற்கு முன்பிருந்த 2001 விதிகளும் இதையே சொல்கின்றன: பிடித்து, அறுவை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, எடுத்த இடத்திலேயே விட வேண்டும். 1996 வரை நம் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. இப்போதைய வழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

வீடு வேண்டியது தாயை இழந்த குட்டிகளுக்கு, அடிபட்டவற்றுக்கு, கண் தெரியாதவற்றுக்கு, வீட்டில் வளர்ந்து தெருவில் விடப்பட்டவற்றுக்கு. அந்தக் கடைசி வகை நாயைப் பார்த்தாலே தெரியும். ஏதாவது கார் நின்றால் ஓடிப்போய்க் கதவுப் பக்கம் நிற்கும்.

கடி பட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள், அன்றே ஊசிக்குப் போங்கள். சின்னக் கீறல், குட்டி நாய்தானே என்று விடாதீர்கள். வெறிநாய் நோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. தொடர்ந்து நாய்களைக் கையாளுகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே ஊசி போட்டுக்கொள்ளலாம். நான் போட்டிருக்கிறேன்.

22 அக்டோபர் 2023

காய்ச்சல் போய்விட்டது. இரண்டு ஊசிகள், வெறிநாய் ஊசி எல்லாம் ஆயிற்று. படம் போட்டு மூன்று வாரம். வந்த அழைப்புகள் பதினொன்று. "லேப் இருக்கா?" என்று லாப்ரடார் கேட்டவர்கள் ஐந்து பேர். பெண் நாய் என்றதும் போனை வைத்தவர்கள் மூன்று பேர். ஒருவர் குடோனுக்குக் காவலுக்குக் கட்டிப்போடக் கேட்டார். மீதி இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் மாமியாருக்கு விஷயமே தெரியாது.

நம் ஊர் நாய் நம் வெயிலுக்கும் மழைக்கும் பொருந்தி வந்த நாய். அடர்ந்த ரோமத்தோடு ஏசி அறையில் மூச்சிரைக்கிற நாயை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்கள், சும்மா கொடுத்தாலும் செவலைப் பெண் குட்டியை வேண்டாம் என்கிறார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. மறைக்க விரும்பவில்லை.

13 நவம்பர் 2023

தீபாவளிக்கு முன் எழுதியிருக்க வேண்டியதை நேற்று முடிந்தபின் எழுதுகிறேன், அடுத்த வருஷத்துக்காவது உதவும். புதிதாக வந்த நாயைத் தீபாவளி வாரத்தில் வெளியே கூட்டிப்போவதென்றால் விடியும் முன்பே போய்விடுங்கள். கழுத்துப் பட்டை ஒன்று, மார்புப் பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய் தலையைப் பின்னால் இழுத்துக் கழுத்துப் பட்டையை உருவிவிடும். பட்டையில் போன் நம்பர் எழுதிய தகடு இருக்கட்டும். வீட்டில் ஜன்னல் இல்லாத இடமாகப் பார்த்து இடம் கொடுங்கள். செவ்வந்தி சனி இரவும் ஞாயிறு முழுக்கவும் குளியலறையில் வாளிக்குப் பின்னால் இருந்தாள். நானும் வாசல் படியில் தலையணை போட்டுக்கொண்டேன். தொடவில்லை, பேசவுமில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் வந்து என் குதிகாலில் மூக்கை வைத்துக்கொண்டாள்.

9 டிசம்பர் 2023

நேற்றுத்தான் கரண்ட் வந்தது. எல்லாரும் பத்திரம்.

மிக்ஜாம் புயலில் 3-ஆம் தேதி இரவு பிடித்த மழை, 4-ஆம் தேதி முழுக்க விடவில்லை. காலையிலேயே தெருவில் இடுப்பளவு தண்ணீர், கீழ்வீட்டுக்குள் முழங்கால். ஹவுஸ் ஓனர் மாமாவும் மாமியும் பீரோவிலிருந்து பத்திரங்களை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். நாய் வேண்டாம் என்று ஆகஸ்டில் கறாராகச் சொன்னவர் மாமா. நாய் வளர்ப்பதைக் குடியிருப்புச் சங்கங்கள் தடுக்க முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆனால் வாடகை வீட்டில் ஓனர் முகம் சுளித்தால் வழிகாட்டியைக் காட்டிச் சண்டை போடவா முடியும்? "இரண்டு மாசம்தான் மாமா" என்று கெஞ்சி வாங்கிய அனுமதி அது.

பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. செவ்வந்தி வீட்டுக்குள் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். மண்ணைத் தேடித்தான் போவாள். மண் எல்லாம் தண்ணீருக்கு அடியில். மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன், காற்றைப் பார்த்ததும் நடுங்கிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி வாசற்கதவுக்கும் எனக்கும் நடுவில் நடந்து நடந்து முனக ஆரம்பித்துவிட்டாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, மாடிப்படியில என் செம்பருத்தித் தொட்டி இருக்கே, அந்த மண்ணு ஆகாதா?" என்றார். அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். தொட்டியைக் கவிழ்த்து, படியின் திருப்பத்தில் பழைய பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மண்ணைப் பரப்பினார். செவ்வந்தி முகர்ந்தாள். சுற்றினாள், மறுபடி முகர்ந்தாள். அப்புறம் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே இருந்தாள். மாமி "அப்பாடா" என்றாள்.

10 டிசம்பர் 2023

வெள்ளம் வடிந்த இடங்களில் நாயைத் தேங்கிய தண்ணீரில் விடாதீர்கள், அதைக் குடிக்கவும் விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கும் நமக்கும். நாய்க்குப் போட்ட ஊசியில் அதற்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். எல்லா ஊசியிலும் அது இருக்காது. காலில் புண் இருப்பவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம்.

24 டிசம்பர் 2023

ஒரு வீடு அமையும் போலிருக்கிறது. ஆவடி பக்கம் தனி வீடு. பள்ளி ஆசிரியை, அவர் தம்பி, அவர்கள் பாட்டி. மூன்று பேரும் நேரில் வந்தார்கள். அதுவே எனக்குப் பாதி நம்பிக்கை. போன மாதம் கருத்தடை செய்து தையலும் ஆறிவிட்டது என்று சொன்னதும் ஆசிரியை அறுவைச் சீட்டை வாங்கிப் படித்தார். நோட்டைக் கொடுத்தேன். பாட்டிக்கு அவர் சத்தமாக வாசித்துக் காட்டினார். குக்கர் விசில் வந்த இடத்தில் நிறுத்தி, "இப்பவுமா?" என்றார். இப்பவும்தான் என்றேன். இப்போது ஒன்றுக்குப் போவதில்லை, ஆனால் ஓடி ஒளிகிறாள். ஆண்கள் குடையோடு வந்தால் குரைப்பாள். சாப்பிடும்போது பின்பக்கமாகப் போய்த் தொட்டால் உறுமுவாள், இதுவரை கடித்ததில்லை. எல்லாம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நான் அவர்கள் வீட்டைப் பார்க்கப் போகிறேன். கேட்டுக்கு அடியில் எவ்வளவு சந்து, மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், பகலில் யார் இருப்பார்கள், இரவில் எங்கே படுக்க வைப்பார்கள், இதெல்லாம் பார்க்க வேண்டும். இதைச் சந்தேகம் என்று நினைத்துக் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. கோபித்துக்கொள்ளட்டும்.

7 ஜனவரி 2024

கொடுத்துவிட்டேன்.

அவள் படுத்த அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையைத் துவைக்காமலே மடித்துக் கொடுத்தேன். வாடை தெரிந்த துணி ஒன்று கூடப் போனால் முதல் ராத்திரி கொஞ்சம் எளிதாக இருக்கும். அதே சாப்பாடு பத்து நாளைக்கு, அதே கிண்ணம். வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாளா என்று அம்மா கேட்டாள். பார்த்தாள்.

9 ஜனவரி 2024

அறையைக் கழுவவில்லை. தையல் மெஷினுக்கு அடியில் இரண்டு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது. நாளைக்குக் கழுவுகிறேன்.

முதல் கேள்வி கேட்டவருக்கு: மனசு எப்படி வருகிறது என்று ஆகஸ்டில் வேகமாகப் பதில் சொல்லிவிட்டேன். இன்றைக்குக் கேட்டால் அவ்வளவு வேகமாகச் சொல்ல முடியாது. மாமா நேற்று மாடிப்படியில் நின்று, "அந்த மண்ணை மறுபடி தொட்டியில போட்டுடவா, இல்ல அடுத்தது வருமா?" என்று கேட்டார். அடுத்த மாதம் வரும் என்றேன். மண் அப்படியே இருக்கிறது.

28 ஜனவரி 2024

ஆவடியிலிருந்து ஆசிரியை வீடியோ அனுப்பியிருந்தார். பாட்டியின் கட்டிலுக்கு அடியில் சுங்குடிப் புடவை. கிண்ணத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே செவ்வந்தி நடந்துகொண்டிருக்கிறாள். இப்போது ஆறேழு நடைதான், வாய் பெரிதாகிவிட்டதே. பெயரை மாற்றவில்லையாம். குக்கர் விசிலுக்கு இன்னும் ஓடுகிறாளா என்று கேட்டு எழுதினேன். நோட்டைப் படித்த அன்றே பாட்டி பரணிலிருந்து பழைய வெண்கலப் பானையை இறக்கச் சொல்லிவிட்டாராம். பருப்பும் அதில்தான் வேகிறதாம், ஒரு மணி நேரம் ஆகிறதாம்.